தாமஸ் மன்றோ

சர் தாமஸ் மன்றோ (மே 27, 1761 - ஜூலை 6, 1827) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியும் பின்னர் சென்னை மாகாணத்தின் ஆளுநராகப் பணியாற்றியவரும் ஆவார். உழவரிடம் அரசு நேரடியாக நிலவரி பெறும் இரயத்துவாரி முறையைத் தென்னிந்தியாவில் நிலைபெறச் செய்தவர் என அறியப்படுகிறார்.

இளமை

மன்றோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். இவரது தந்தை அமெரிக்காவின் வர்ஜீனியாவுடன் புகையிலை வணிகம் செய்துவந்தார். அமெரிக்க விடுதலைப் போரினால் அவ்வணிகம் நொடித்தது. குடும்பம் வறுமையுற்ற நிலையில் மன்றோ கம்பெனிப் படையில் சேர்ந்து, 1780 ஜனவரியில் சென்னை வந்திறங்கினார்.

படைப்பணி

அவ்வாண்டிலேயே இரண்டாம் மைசூர்ப் போர் மூண்டது. ஐதர் அலியின் படைகளுக்கு எதிராக சர் அயர் கூட் நடத்திய படையெடுப்புகளில் மன்றோ பங்கேற்றார். சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் 1781 ஜூலை 1 அன்று நடந்த போரிலும், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை 1783 ஜூன் மாதத்தில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோதும் இவர் களத்தில் இருந்தார். அமைதிக் காலத்தில் இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். இம்மொழியறிவு பிற்காலத்தில் இவருக்கு நிருவாகப் பணிகள் கிடைக்கத் துணையாயிற்று.

வருவாய் நிருவாகம்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல், திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி பாராமகால் பகுதியைப் பெற்றது. இது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதிகளைச் சார்ந்தது. அதனை நிருவகிக்க அனுப்பப்பட்ட கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களுள் மன்றோவும் ஒருவர். நிலங்களை அளந்து, ஒவ்வொரு உழவருடனும் தனித்தனியே வரி உடன்பாடு செய்யும் வழக்கம் அங்கு ரீடின் தலைமையில் உருவாயிற்று.

1799இல் திப்பு வீழ்ந்தபின் கன்னடக் கடற்கரைப் பகுதியையும், 1800 முதல் 1807 வரை நிசாம் விட்டுக்கொடுத்த மாவட்டங்களையும் (பெல்லாரி, கடப்பை, அனந்தப்பூர், கர்நூலின் ஒரு பகுதி) மன்றோ நிருவகித்தார். அங்கிருந்த பாளையக்காரர்களின் ஆயுத வலிமையைப் படை கொண்டு ஒடுக்கினார்.

இரயத்துவாரியும் வரிக்குறைப்பும்

வங்காளத்தில் 1793இல் வந்த நிலையான ஜமீன்தாரி முறையையே சென்னை மாகாணத்திலும் பரப்ப அரசு விரும்பியது. மன்றோ அதனை எதிர்த்தார். உழவருக்கும் அரசுக்கும் இடையில் ஜமீன்தார் தேவையில்லை என்பது இவரது கருத்து. இரயத்துவாரியில் வயல்கள் அளக்கப்பட்டு, மண்ணின் தரத்திற்கேற்ப வரி பணமாக விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கணக்கு முடிக்கப்பட்டது.

ஆயினும் வரி விளைச்சலில் ஏறத்தாழ பாதியளவாக இருந்தது. இச்சுமை மிகையானது என உணர்ந்த மன்றோ, 1807இல் தாம் நிருவகித்த மாவட்டங்களில் 25 விழுக்காடு குறைக்குமாறு பரிந்துரைத்தார். வருவாய் குறையுமென்பதால் அரசு அதனை ஏற்கவில்லை. இவர் இங்கிலாந்து சென்றபின், கிராமங்களைக் குத்தகைக்கு விடும் முறை கொண்டுவரப்பட்டது.

ஆளுநர்

1814இல் நீதித்துறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகச் சென்னை திரும்பினார். 1817-18 மராட்டியப் போரில் மீண்டும் படைத்தலைமை ஏற்று பாதாமி, பெல்காம், சோலாப்பூர் கோட்டைகளைக் கைப்பற்றினார்.

1820 ஜூனில் ஆளுநராகப் பொறுப்பேற்றதும், பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட வரிக்குறைப்பை இவரே நடைமுறைப்படுத்தினார். மாகாணத்தின் பல மாவட்டங்களில் இரயத்துவாரி பரவியது. கடலூர், நெல்லிக்குப்பம், சிதம்பரம் ஆகியவற்றை உள்ளடக்கிய தென்னாற்காடு மாவட்டமும் இரயத்துவாரி மாவட்டங்களுள் ஒன்றாயிற்று.

1822இல் மன்றோ உத்தரவிட்ட கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததைக் காட்டியது. இந்தியர்களை உயர் பொறுப்புகளில் அமர்த்த வேண்டும் எனவும் இவர் வலியுறுத்தினார். அதேவேளை, அயலார் ஆட்சியில் பத்திரிகைச் சுதந்திரம் பொருந்தாது என்றும் கருதினார்.

மறைவு

பணி முடிந்து தாயகம் திரும்பவிருந்த நிலையில், தாம் முன்பு நிருவகித்த மாவட்டங்களைக் காணச் சென்ற மன்றோ, இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல், 1831இல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்துக்கு மாற்றப்பட்டது. பிரான்சிஸ் சான்ட்ரி வடித்த இவரது குதிரைச் சிலை சென்னை தீவுத்திடல் அருகே 1839இல் நிறுவப்பட்டது. குதிரையில் சேணமும் அங்கவடியும் இல்லாதது இச்சிலையின் தனித்தன்மை.

மதிப்பீடு

உழவரின் நில உரிமையை ஏற்ற முறை என இரயத்துவாரி பாராட்டப்படுகிறது. எனினும் மன்றோ விரும்பிய அளவான வரி எங்கும் நிலைக்கவில்லை. வரி வசூலிக்க உழவர்கள் துன்புறுத்தப்பட்டதை 1855ஆம் ஆண்டின் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிப்படுத்தியது.