ஜார்ஜ் பெர்னாட் ஷா

ஜார்ஜ் பெர்னாட் ஷா (ஜூலை 26, 1856 – நவம்பர் 2, 1950) அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த புகழ்பெற்ற நாடகாசிரியரும் சோசலிசச் சிந்தனையாளரும் ஆவார். 1925 ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. மனைவியின் வருமானத்தைக் கணவனின் வருமானமாகக் கருதிய பிரித்தானிய வரிச் சட்டத்தை எதிர்த்தவர்களுள் இவரும் ஒருவர்.

இளமை

டப்ளின் நகரில் நலிவுற்ற தானிய வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1876 இல் இலண்டன் சென்றார். அங்கு எழுதிய ஐந்து புதினங்களும் தொடக்கத்தில் பதிப்பாளர்களால் ஏற்கப்படவில்லை. 1884 இல் ஃபேபியன் சங்கத்தில் சேர்ந்தார்.

திருமணம்

அயர்லாந்தின் செல்வக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த சார்லட் பெய்ன்-டவுன்சென்ட் 1896 இல் ஃபேபியன் நண்பர்கள் வழியாக இவருக்கு அறிமுகமானார். பணத்துக்காக மணந்தார் என்னும் பேச்சுக்கு இடம் தர ஷா விரும்பவில்லை. 1897 இல் இவரது நாடகமொன்று நியூயார்க்கில் பெருவெற்றி பெற்று வருவாய் ஈட்டித் தந்த பின்னரே அத்தயக்கம் தணிந்தது. ஜூன் 1, 1898 அன்று இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர்.

வருமான வரிச் சிக்கல்

1882 ஆம் ஆண்டுச் சட்டப்படி மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே உரியது. ஆனால் அதற்கு முந்திய 1842 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் மாற்றப்படவில்லை. அதன்படி, கணவனுடன் வாழும் பெண்ணின் வருமானம் கணவனுடையதாகவே கொள்ளப்பட்டது. கணக்குக் காட்டவும் வரி செலுத்தவும் வேண்டியவன் கணவனே. மனைவியின் பணத்தைத் தொட அவனுக்கு உரிமையில்லை, அவள் எவ்வளவு ஈட்டுகிறாள் என்று கூறும்படி வற்புறுத்தவும் வழியில்லை என்பதுதான் விந்தை.

1910 இல் நடைமுறைக்கு வந்த மேல்வரி இம்முரண்பாட்டை மேலும் கூர்மையாக்கியது. மொத்த வருமானம் 5000 பவுண்டைக் கடந்தவர்கள், 3000 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையில் பவுண்டுக்கு 6 பென்சு கூடுதலாகச் செலுத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, 3000 பவுண்டு பெறும் ஆணும் 2500 பவுண்டு பெறும் பெண்ணும் மணமாகாதவர்களாயின் மேல்வரி இல்லை. மணந்தவர்களாயின் 62 பவுண்டு 10 சில்லிங் செலுத்த நேரும். மனைவியின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குத் தருமாறு ஷாவிடம் கேட்கப்பட்டபோது, அது தமக்குத் தெரியாது என்றும், கேட்டறியத் தமக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்றும் வரி ஆணையர்களுக்கு எழுதினார். வழக்கமான ஷா குறும்பு அதில் இருந்தாலும் சட்ட நிலை உண்மையில் அதுவே.

எல்லோருக்கும் இது கடிதத்தோடு முடியவில்லை. 1912 இல் மார்க் வில்க்ஸ் என்னும் பள்ளி ஆசிரியர், மருத்துவரான தம் மனைவி எலிசபெத்தின் வருமானத்துக்குரிய வரியைச் செலுத்தாததற்காக பிரிக்ஸ்டன் சிறையில் அடைக்கப்பட்டார். எலிசபெத் வாக்குரிமை கோரி வரி மறுத்தவர். இதனைக் கண்டித்து நடந்த கூட்டத்தில் ஷா உரையாற்றினார்.

1914 ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தம்பதியர் விரும்பினால் தனித்தனியே வரி விதிக்கப்பட இடமளித்தது. எனினும் இருவரும் செலுத்த வேண்டிய மொத்தத் தொகை குறையவில்லை. முழுமையான தனி வரிவிதிப்பு ஏப்ரல் 1990 இல்தான் பிரித்தானியாவில் நடைமுறைக்கு வந்தது.

பிற்காலம்

சார்லட்டின் சகோதரி சோசலிசம் பற்றி விளக்கம் கேட்டதை ஒட்டி எழுதத் தொடங்கிய நூல் 1928 இல் வெளியானது. அனைவருக்கும் சம வருமானம் என்பதே அதில் ஷாவின் வாதம். சார்லட் 1943 இல் காலமானார். ஷா தமது 94 ஆம் வயதில் ஏயட் செயின்ட் லாரன்ஸ் சிற்றூரிலுள்ள வீட்டில் இறந்தார். இருவரது சாம்பலும் ஒன்றாகக் கலக்கப்பட்டு அவ்வீட்டுத் தோட்டத்தில் தூவப்பட்டது.