காசு போட்டால் தண்ணீர்!

எகிப்து நாட்டு அலெக்சாண்டிரியா நகரில், கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்தவர் ஹெரான். கணக்கிலும் எந்திரக் கலையிலும் மேதை.

கோவிலில் வைக்கும் ஓர் அதிசயப் பாத்திரத்தைப் பற்றி அவர் எழுதினார். 5 டிராக்மா காசைத் துளையில் போட்டால் தண்ணீர் வரும்!

மந்திரம் அல்ல; தராசுத் தத்துவம். உள்ளே ஒரு கோல். ஒரு முனையில் தட்டு. மறுமுனையில் தண்ணீர்க் குழாயின் மூடி. காசு விழுந்ததும் தட்டு தாழும், மூடி உயரும், தண்ணீர் ஓடும். சாய்ந்த தட்டிலிருந்து காசு நழுவியதும், மூடி தானே இறங்கி அடைத்துக்கொள்ளும்.

தாம் கண்டதையும் முன்னோர் கண்டதையும் ஒளிக்காமல் எழுதி வைத்தார் ஹெரான். அதனால் அந்த வித்தை அழியவில்லை.

மோட்டாரும் பாட்டரியும் வைத்து, காசு போட்டால் மிட்டாய் தரும் எந்திரத்தை வீட்டிலேயே செய்யும் மாணவனுக்கும் அவரே முதல் வாத்தியார்.