வசைப் பலகைக்கு விளக்கு வைக்கச் சொன்ன அண்ணா

வரதராஜப் பெருமாள் கோவிலுக்குப் பேர் பெற்றது சின்ன காஞ்சிபுரம். பட்டுத் தறிக்கும் பேர் பெற்றது. கோவில் மணி ஒரு பக்கம், தறிச் சத்தம் ஒரு பக்கம்.

அந்த ஊரில் 1909-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை நடராசன். தாயார் பங்காரு அம்மாள். நெசவாளர் குலம். பணக்கார வீடு அல்ல.

அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதல்-மந்திரி ஆன அண்ணாத்துரை. நாடு முழுவதும் அவரை "அண்ணா" என்று அழைத்தது.

தொத்தா வளர்த்த பிள்ளை

அண்ணாவை வளர்த்தவர் ராசாமணி அம்மாள். அவரை அண்ணா "தொத்தா" என்றுதான் கூப்பிடுவார்.

காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளியில் அண்ணா படித்தார். குடும்பத்தில் கஷ்டம். அதனால் கொஞ்ச காலம் நகரசபை ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு சென்னைக்குப் போய்ப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1934-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

படித்த படிப்புக்குப் பெரிய உத்தியோகம் தேடலாம். அவர் பொதுவாழ்வைத் தேடினார்.

1936-ல் சென்னை மாநகராட்சித் தேர்தலில், பெத்துநாயக்கன்பேட்டையில் நீதிக்கட்சி சார்பில் நின்றார். தோற்றார். அதுதான் அவருடைய முதல் தேர்தல் பாடம்.

1942-ல் காஞ்சிபுரத்தில் "திராவிட நாடு" வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1949-ல் தி.மு.கழகம் பிறந்தது. அதன் பொதுச் செயலாளர் ஆனார்.

1953-ல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கியது. நெசவாளர் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அண்ணா கைத்தறித் துணியை எடுத்துக்கொண்டு திருச்சித் தெருக்களில் விற்றார். தறிக்காரர்களின் பசி அவருக்குப் பிறந்த ஊரிலேயே தெரிந்த பசி.

சொந்த ஊரில் போட்டி

1957-ல் தி.மு.கழகம் முதல் தடவையாகப் பொதுத்தேர்தலில் இறங்கியது. அண்ணா காஞ்சிபுரம் தொகுதியில் நின்றார்.

சொந்த ஊரில் நிற்பதில் ஒரு லாபம் உண்டு. தெருவுக்குத் தெரு தெரிந்த முகம். ஒரு நஷ்டமும் உண்டு. வேண்டாதவர்கள் குடும்பத்துக் கதையையே எடுத்துப் பேசுவார்கள்.

அண்ணாவுக்கும் அது நேர்ந்தது. கொள்கையைத் தாக்கினால் பதில் சொல்லலாம். ஆனால் சிலர் அவருடைய பிறப்பைத் தாக்கினார்கள். குலத்தையும் தாயாரையும் இழுத்து வசை பாடினார்கள்.

காஞ்சிபுரத்துத் தேர்தல் பற்றி ஒரு சம்பவம் அடிக்கடி சொல்லப்படும். பலர் கூடும் இடத்தில் ஒரு பலகை வைத்தார்கள். அதில் அண்ணாவின் பிறப்பைப் பற்றிக் கேவலமாக எழுதி இருந்தது.

கழகத் தொண்டர்கள் கொதித்தார்கள். பலகையைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று துடித்தார்கள். எழுதியவனை உதைக்க வேண்டும் என்றும் சிலர் கிளம்பினார்கள்.

அண்ணா தடுத்தார். பலகையைத் தொடக் கூடாது என்றார். பகலில் போகிறவர்கள் படித்துவிடுகிறார்கள், இரவில் வருகிறவர்களுக்கு எழுத்து தெரியாதே என்று சொல்லி, அதன் பக்கத்தில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கை வைக்கச் சொன்னார்!

விளக்கு எரிந்தது. ஜனங்கள் வந்து படித்தார்கள். படித்தவர்கள் அண்ணாவை வெறுக்கவில்லை; எழுதியவர்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். வைத்தவர்களே வெட்கப்பட்டுப் பலகையை எடுத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள்.

இதில் ஒரு பெரிய சூட்சுமம் இருக்கிறது. வசை இருட்டில்தான் வளரும். காதோடு காதாகப் போனால் ஒன்று பத்தாகும். வெளிச்சத்தில் வைத்துவிட்டால் அதன் அசிங்கம் எல்லோருக்கும் தெரியும்.

பலகையைப் பிடுங்கி இருந்தால் என்ன ஆகி இருக்கும்? அடிதடி நடந்திருக்கும். போலீஸ் வந்திருக்கும். வசை மறைந்து, சண்டை பெரிய செய்தி ஆகி இருக்கும்.

அந்த 1957 தேர்தலில் காஞ்சிபுரம் மக்கள் அண்ணாவையே தேர்ந்தெடுத்தார்கள். தி.மு.கழகத்தார் 15 பேர் சட்டசபைக்குள் நுழைந்தார்கள்.

இரண்டு பக்கமும் கடுஞ்சொல்

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்து மேடைகளில் எல்லாத் தரப்பிலும் கடுஞ்சொல் இருந்தது. ஆரியர், திராவிடர் என்ற இனப் பேச்சும், பிராமணர்களைத் தாக்கும் பேச்சும் அண்ணா இருந்த இயக்கத்தின் மேடைகளிலும் உண்டு. அண்ணா எழுதிய "ஆரிய மாயை" புத்தகத்துக்காக 1950-ல் அவருக்குத் தண்டனையும் கிடைத்தது.

ஆனால் வயதும் பொறுப்பும் ஏற ஏற அவர் போக்கில் நிதானம் கூடியது. 1967 தேர்தலில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு கூட்டணி அமைத்தார். ஒரு காலத்தில் எதிர் எதிரே நின்றவர்கள் கைகோத்தார்கள்.

தோல்வியும் வெற்றியும்

பொறுமையாக இருந்தால் எப்போதும் ஜெயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 1962-ல் அதே காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார். காங்கிரஸ் சார்பில் நின்ற பஸ் அதிபர் எஸ்.வி.நடேச முதலியார் சுமார் 9 ஆயிரம் ஓட்டு அதிகம் பெற்றார்.

விசித்திரம் பாருங்கள்! தலைவர் தோற்றார், கட்சிக்கு 50 இடம் கிடைத்தது. அண்ணா டெல்லி மேல்-சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1967-ல் காற்று திரும்பியது. தி.மு.கழகம் பெரும்பான்மை பெற்றது. விருதுநகரில் காமராஜரே தோற்றுப்போனார். அவரைத் தோற்கடித்தவர் பெ.சீனிவாசன் என்ற இளைஞர்.

கழகத்தார் குதித்தார்கள். அண்ணா மகிழவில்லை. காமராஜர் போன்ற ஒருவர் தோற்றது அவருக்கு வருத்தம் தந்தது. தோற்றவர்களின் மனம் நோக நடக்கக் கூடாது என்று நினைத்தார்.

1967 மார்ச் 6-ந் தேதி அண்ணா முதல்-மந்திரி ஆனார். சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியது. பதவியில் இரண்டு வருடம்கூட நிறையவில்லை. 1969 பிப்ரவரி 3-ந் தேதி புற்றுநோயால் காலமானார். வயது 59.

சீமையிலும் இதே கதை

பிறப்பை வைத்து ஓட்டுக் கேட்பது நம் நாட்டுக்கு மட்டும் சொந்தம் அல்ல. 1964-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்தில் உள்ள ஸ்மெதிக் என்ற தொழில் நகரத் தொகுதியில் நிற வெறியைத் தூண்டும் பிரசாரம் நடந்தது. அங்கே பஞ்சாபிலிருந்து பிழைக்கப் போனவர்கள் பலர். அவர்களையும் கறுப்பர்களையும் காட்டிப் பயமுறுத்தி ஓட்டுக் கேட்டார்கள். தொழிற்கட்சித் தலைவர்களில் ஒருவரான பாட்ரிக் கார்டன் வாக்கர் தோற்றுப்போனார். ஆனால் 1966-ல் அதே ஊர் மக்கள் தொழிற்கட்சியைத் திரும்பவும் ஜெயிக்க வைத்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1951-ம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இருக்கிறது. மதம், இனம், சாதி, சமூகம், மொழி இவற்றைச் சொல்லி வேட்பாளர் ஓட்டுக் கேட்பது அந்தச் சட்டப்படி முறைகேடு. ஒருவருடைய சொந்த நடத்தை பற்றிப் பொய் என்று தெரிந்தே பரப்புவதும் முறைகேடு. கோர்ட்டில் நிரூபித்தால் ஜெயித்த தேர்தலும் செல்லாமல் போகலாம். 2017 ஜனவரி 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதை இன்னும் கண்டிப்பாக்கியது. வேட்பாளரின் சாதி, மதம் மட்டும் அல்ல, ஓட்டுப் போடுகிறவரின் சாதி, மதத்தைச் சொல்லிக் கேட்பதும் கூடாது என்று தீர்ப்பு அளித்தது.

இன்னொரு விதியும் உண்டு. தேர்தல் நோட்டீசில் அச்சிட்டவர் பெயரும் விலாசமும், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும். இனி உங்கள் கைக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் அடியில் இருக்கும் சின்ன எழுத்தையும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பெயர் போடப் பயப்படுகிறவன் எழுதியதை நாம் ஏன் நம்ப வேண்டும்?

நமக்குப் பிடித்தவரை யாராவது இழிவாக எழுதினால் கோபம் வருவது இயற்கை. கையை ஓங்க வேண்டாம். பதிலுக்கு எதிராளியின் தாயைப் பழிக்கவும் வேண்டாம். நம் வேட்பாளர் ஊருக்கு என்ன செய்தார், என்ன செய்வார் என்பதை வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம்.

சின்ன காஞ்சிபுரத்தில் அண்ணா வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. கோவிலுக்குப் போகும்போது பிள்ளைகளை அங்கேயும் அழைத்துப் போங்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளை முதல்-மந்திரி ஆன கதையை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.