வகுப்புகளை வகுத்த கேரி கைகாக்ஸ்

என் சிறு வயதில் பிரிஞ்சாங்கில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை என்றாலே மழையும் மூடுபனியும்தான். வெளியே போக முடியாது. தேயிலைத் தோட்டத்து வீட்டில் நாங்கள் தாயக்கட்டை உருட்டியும் கேரம் ஆடியும் பொழுதைக் கழித்தோம். தாயத்தில் எல்லாக் காய்களும் ஒன்றுதான். நிறம் மட்டுமே வேறு. எந்தக் காய்க்கும் தனித் திறமை கிடையாது.

பல்கலைக்கழகத்திற்கு வந்த முதல் பருவத்தில் விடுதித் தோழர்கள் சிலர் இருபது முகம் கொண்ட ஒரு பகடையை என் கையில் கொடுத்தார்கள். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதை சொல்லி ஆடும் விளையாட்டு அது. ஆட்டம் தொடங்கும் முன், என் பாத்திரம் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

வகுப்பு என்றதும் என் மனத்தில் வந்தவை வேறு. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், மண்டோர், கிராணி, துரை என்று வகுப்புகள் உண்டு. என் பாட்டி முதல் வகையில் பிறந்தார். அதிலேயே முதுமை அடைந்தார். நான் தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது அங்கும் முதல் வகுப்பு, கடைசி வகுப்பு என்று பிரித்தார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எங்களில் பலருக்குக் கடைசி வகுப்பே கிடைத்தது. நாங்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே, நீயே தேர்ந்தெடு என்று ஒரு விளையாட்டு என்னிடம் சொன்னபோது சற்றுத் திகைத்துப் போனேன். இப்படி ஒரு விதியை எழுதியவர் யார் என்று தேடினேன். கிடைத்த பெயர் கேரி கைகாக்ஸ். அவர் மறைந்தபோது எனக்கு நான்கு வயது.

ஏரிக்கரைச் சிற்றூரில்

எர்னஸ்ட் கேரி கைகாக்ஸ் 1938-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறியவர். சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். மகனுக்கு வாளும் மந்திரமும் நிறைந்த கதைகளைச் சொல்லி வளர்த்தவரும் அவரே. 1946-இல் குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. சிகாகோ மக்கள் ஓய்வெடுக்கப் போகும் ஏரிக்கரை ஊர் அது. கோலாலம்பூர் மக்கள் வார இறுதியில் எங்கள் மலைக்கு வருவதைப் போலத்தான். பயணிகள் திரும்பிய பிறகு அத்தகைய ஊர்களில் மிஞ்சுவது அமைதியும் நீண்ட மாலைப் பொழுதுகளும். கைகாக்ஸ் அந்தப் பொழுதுகளைச் சதுரங்கத்திலும் கதைப் புத்தகங்களிலும் போட்டார்.

1956-இல் தந்தை காலமானார். சில மாதங்களில் கைகாக்ஸ் உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டார். 1958-இல் திருமணம். ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். சிகாகோவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. ஓய்வு நேரமெல்லாம் சிறு பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுகளிலேயே கழிந்தது. 1968-இல் லேக் ஜெனீவாவின் தோட்டக்கலை மண்டபத்தை 50 டாலர் வாடகைக்கு எடுத்து, அத்தகைய ஆட்டக்காரர்களை ஒன்றுகூட்டினார். ஜென் கான் என்ற அந்த ஒன்றுகூடல் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

1970-இல் அவருக்கு வேலை போனது. பிள்ளைகளைக் காப்பாற்ற வீட்டின் நிலவறையில் செருப்புத் தைக்கத் தொடங்கினார். பள்ளிச் சான்றிதழ் இல்லாத, வேலை இழந்த, முப்பது வயதைத் தாண்டிய மனிதர். அந்த ஆண்டில் அவரைப் பார்த்தவர்கள் அவரை எந்த வகுப்பில் வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றே வகுப்புகள்

1971-இல் ஜெஃப் பெர்ரன் என்பவருடன் சேர்ந்து 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். அதன் பின்னிணைப்பில் மந்திரவாதிகளும் பறவைநாகங்களும் இடம்பெற்றன. மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் அந்த விதிகளைப் பயன்படுத்தி வேறொன்றைச் செய்து பார்த்தார். படைக்குப் பதிலாக ஒருவர் ஒரே ஒரு மனிதனை மட்டும் இயக்குவது. அந்த மனிதன் ஆட்டத்திற்கு ஆட்டம் அனுபவம் பெற்று வளர்வது. 1972-இல் ஆர்னசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து அதை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்து விதிகளை எழுதத் தொடங்கினார். அவரது மகனும் மகளுமே அவர் வீட்டில் அதை முதலில் ஆடிப் பார்த்தவர்கள். பல முகப் பகடைகளை அவர் பள்ளிக்கூடப் பொருள்கள் விற்கும் நிறுவனத்தின் விலைப்பட்டியலில் கண்டுபிடித்தார்.

வெளியிடப் பதிப்பகம் கிடைக்கவில்லை. 1973 அக்டோபரில் பால்ய நண்பர் டான் கேயுடன் ஆளுக்கு 1,000 டாலர் போட்டு டி.எஸ்.ஆர். நிறுவனத்தைத் தொடங்கினார். அது போதாமல் பிரையன் புளூம் 2,000 டாலருடன் மூன்றாவது பங்காளியானார். 1974 ஜனவரியில் 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1,000 பெட்டிகளாக வெளிவந்தது. பெட்டிகளைக் கையாலேயே அடுக்கினார்கள். ஓராண்டு முடிவதற்குள் அத்தனையும் விற்றுப் போயின.

அந்தப் பெட்டியில் இருந்தவை மூன்றே வகுப்புகள்: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. போர்வீரன் எந்த ஆயுதத்தையும் எடுக்கலாம், மந்திரம் தெரியாது. மந்திரவாதிக்கு மந்திரம் உண்டு. குறுவாளைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது. மதகுரு காயங்களை ஆற்றுவார். கூர்மையான ஆயுதத்தைத் தொடக்கூடாது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு திறனும் ஒரு தடையும். தனியாக யாரும் வெல்ல முடியாது. இங்கே வகுப்பு என்பது ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்கும் படிக்கட்டு அன்று. ஒரு குழுவுக்குள் நான் என்ன செய்வேன் என்பதற்கான பதில்.

வாசகர்கள் சேர்த்த வகுப்புகள்

மூன்று எப்படிப் பலவாயின? இதுதான் கைகாக்ஸின் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி. 1975 தொடக்கத்தில் அவர் 'தி ஸ்டிராட்டஜிக் ரிவ்யூ' என்ற சிறு இதழைத் தொடங்கினார். முதல் இதழ் ஆறே பக்கம். நம் மன்றங்களின் செய்திமடலைவிடச் சிறியது. ஆனால் அந்தப் பக்கங்களில் மற்றவர்களுக்கும் இடம் கொடுத்தார். இரண்டாம் இதழில் ஜோ ஃபிஷர் என்பவர் வனக்காவலன் வகுப்பை எழுதினார். நான்காம் இதழில் பீட்டர் ஆரன்சன் பொய்த்தோற்றங்களை உண்டாக்கும் மாயக்காரன் வகுப்பை எழுதினார். 1976 பிப்ரவரி இதழில் டக் ஷ்வெக்மன் என்பவர் பாணன் வகுப்பை எழுதினார். கெல்டிய நாட்டுப் பாணர், வடதேசத்துப் பாடகர், தென் ஐரோப்பிய நாடோடி இசைஞர் ஆகிய மூவரையும் கலந்து ஒரே வகுப்பாக்கினார் அவர். சங்க இலக்கியம் படித்த நமக்கு யாழுடன் ஊர் ஊராகச் செல்லும் பாணன் புதியவன் அல்லன். ஒரு சிறு இதழுக்குக் கட்டுரை அனுப்பியவர் வழியாக அவனுடைய தூரத்து உறவினன் அந்த விளையாட்டுக்குள் நுழைந்தான்.

1976 ஜூனில் அந்த இதழின் இடத்தில் 'தி டிராகன்' வெளிவந்தது. டிம் காஸ்க் ஆசிரியராக இருந்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் அதன் பக்கங்களில் எத்தனையோ புதிய வகுப்புகள் வந்து போயின. கைகாக்ஸும் தம் பங்குக்கு 1982-இல் காட்டுவீரன் வகுப்பையும், 1983-இல் குதிரைவீரன் வகுப்பையும் அதில்தான் முதலில் எழுதிப் பார்த்தார்.

கதவைத் திறந்தவரே

ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும்போது நல்லதை மட்டும் சொன்னால் அது வாழ்த்துரை ஆகிவிடும். விளையாட்டு பரவியதும் ஊருக்கு ஊர் விதிகள் மாறின. எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும் என்று கைகாக்ஸ் நினைத்தார். 1977 முதல் 'அட்வான்ஸ்ட்' என்ற பெயரில் விதிகளைத் திருத்தித் தொகுத்தார். 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் வனக்காவலன், மாயக்காரன், பாணன் மூவரும் இருந்தனர். போர்வீரனாகவும் பிறகு திருடனாகவும் வளர்ந்த பின்னரே பாணனாகலாம் என்பது அதில் விதி. நூலின் அட்டையில் கைகாக்ஸின் பெயர் மட்டுமே இருந்தது. கதவைத் திறந்தவரே இப்போது வாசலில் காவல் நின்றார்.

ஆர்னசன் 1979-இல் வழக்குத் தொடுத்தார். 1981-இல் சமரசம் ஏற்பட்டது. மூல விளையாட்டை உருவாக்கியவர்கள் இருவரும் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. கைகாக்ஸின் உழைப்பு பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் தட்டச்சு செய்தவரின் உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது; முதல் யோசனையைக் கொண்டு வந்தவரின் பங்கு எளிதில் மறைந்து போகிறது. குழுவாகப் படைப்புத்திட்டம் செய்யும் நமக்கு இது தெரியாததா?

விதி அவரையும் விடவில்லை. டான் கே 1975 ஜனவரியில் மாரடைப்பால் இறந்திருந்தார். அவருடைய பங்குகளை வாங்கக் கைகாக்ஸிடம் பணம் இல்லாததால் புளூம் குடும்பத்தினர் பெரும்பான்மை பெற்றனர். பத்தாண்டு கழித்து, 1985 அக்டோபரில், அவர்கள் தங்கள் பங்குகளை லொரேன் வில்லியம்ஸ் என்பவருக்கு விற்றனர். கைகாக்ஸ் நீதிமன்றம் சென்றும் பயனில்லை. 1986 இறுதியில் தாம் தொடங்கிய நிறுவனத்தைவிட்டு வெளியேறினார். பிறகு அவர் எழுதிய ஒரு புதிய விளையாட்டின் மீது அதே நிறுவனம் வழக்குத் தொடுத்தது.

ஆயினும் அவர் ஆடுவதை நிறுத்தவில்லை. 1997-இல் டி.எஸ்.ஆர். நிறுவனத்தை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கிய பின், அவர் 'டிராகன்' இதழில் மீண்டும் எழுதினார். 2004-இல் பக்கவாதம் தாக்கியது. அதற்குப் பிறகும் லேக் ஜெனீவா வீட்டிற்கு வருபவர்களோடு மேசையில் அமர்ந்து பகடை உருட்டினார். 'டிராகன்' அச்சிதழ் 2007 செப்டம்பரில் நின்றது. ஆறு மாதங்களில், 2008 மார்ச் 4-ஆம் நாள், தம் 69-ஆவது வயதில் கைகாக்ஸ் மறைந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஆர்னசனும் மறைந்தார்.

நம் பக்கம்

வாசகத் தோழர்களே, வகுப்புகளின் பட்டியல் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் அமர்ந்து எழுதுகிறார். எழுதப்பட்டதில் நமக்கு இடமில்லை என்றால் ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம். ஃபிஷரும் ஆரன்சனும் ஷ்வெக்மனும் செய்தது அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை வெளியிட ஓர் இதழ் வேண்டும். எழுதியவரின் பெயரை மறக்காத மனமும் வேண்டும். கைகாக்ஸின் வாழ்க்கை முதலாவதைச் செய்து காட்டியது; இரண்டாவதை அவர் சறுக்கிய இடத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

சென்ற விடுமுறையில் பிரிஞ்சாங்கில் பாட்டியின் அருகில் அமர்ந்து நானும் ஒரு வகுப்பை எழுதினேன். பெயர் கொழுந்துக்காரி. மூடுபனியில் வழி தவறமாட்டாள். விரல் நுனியால் இலையின் பருவம் அறிவாள். சரிவில் சுமையோடு நடந்தாலும் கால் வழுக்காது. தடை என்ன என்று யோசித்தேன். பிறர் சொல்லாமல் தானாக ஓய்வெடுக்கத் தெரியாது என்று எழுதினேன். படித்துக் காட்டியபோது பாட்டி சிரித்தார். கூடையின் எடையைக் குறைத்துப் போட்டிருப்பதாகத் திருத்தினார். திருத்தியபடியே எழுதினேன். எங்கள் விடுதி மேசையில் இப்போது அந்த வகுப்பை ஒரு சீனத் தோழி ஆடுகிறாள். தாளின் அடியில் எழுதியவர் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முதலில் இருப்பது பாட்டியின் பெயர்.