கூடைப்பந்தின் தந்தை... கணக்கில் தோற்ற கோச்!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



ஒரு டீம் தொடர்ந்து தோற்றால் முதலில் யார் தலை உருளும்? கோச் தலைதான்! பந்தைக் கோட்டை விட்டவன் பிளேயர். ஃப்ரீ த்ரோவை வீணடித்தவனும் பிளேயர். ஆனாலும் மேட்ச் முடிந்த மறுநாள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே நாம் நிறைவேற்றும் தீர்மானம் ஒன்றே ஒன்றுதான். கோச்சை மாத்தணும்!

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து என்றால் ஊர்த் திருவிழா மாதிரி. ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்க்கும் உள்ளரங்கம், டி.வி. ஒளிபரப்பு, பழைய மாணவர்களின் நன்கொடை என்று எல்லாமே பெரிசு. அங்கே இரண்டு மூன்று சீசன் சரியாகப் போகவில்லை என்றால் ரசிகர்கள் கொதித்துப் போய்விடுவார்கள். கோச் இருப்பாரா, போவாரா என்பதே பேச்சாகிவிடும். ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே பெரும் பணத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வைப்பதும் உண்டு.

அப்படிப்பட்ட நாட்டில், கூடைப்பந்துக்குப் பேர் போன இடம் கான்சாஸ் பல்கலைக்கழகம். அதன் நூற்றாண்டு தாண்டிய வரலாற்றில், ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம் என்ற கணக்கோடு போன கோச் ஒரே ஒருவர்தான். 55 வெற்றி, 60 தோல்வி. யார் அந்தப் புண்ணியவான் என்று கேட்கிறீர்களா? கூடைப்பந்து என்ற விளையாட்டையே கண்டுபிடித்த டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்!

ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம்.

படிப்பை விட்டவர், படிப்புக்குத் திரும்பியவர்

1861ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் கனடா நாட்டில், ஆல்மான்ட் என்னும் சிற்றூருக்கு அருகில் நெய்ஸ்மித் பிறந்தார். ஒன்பது வயதுக்குள் அப்பா, அம்மா இருவரையும் டைபாய்டு காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். பிறகு பாட்டியும் தாய்மாமனும்தான் வளர்த்தார்கள். உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, காட்டில் மரம் வெட்டும் வேலைக்குப் போனார். சில வருடம் கோடரி பிடித்த கை அது! அப்புறம் மனசு மாறி, தன்னைவிடச் சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 1883இல் மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1887இல் பட்டம் பெற்றார்.

அடுத்துப் பாதிரியார் ஆவதற்கான படிப்பையும் முடித்தார். ஆனால் பிரசங்க மேடையில் நின்று சொல்வதை விளையாட்டு மைதானத்தில் நின்று இன்னும் நன்றாகச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1890இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு ஆசிரியர்களை விரட்டிய வகுப்பு

1891ஆம் ஆண்டு குளிர்காலம். வெளியே பனி. மைதானத்தில் இறங்க முடியாது. உள்ளே ஜிம்னாசியத்தில் அதே தண்டால், அதே கவாத்து. 18 பேர் கொண்ட ஒரு வகுப்புக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது. அடங்காத வகுப்பு! ஏற்கெனவே இரண்டு ஆசிரியர்கள் முயன்று பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள். மூன்றாவதாக வந்து மாட்டியவர் நம் நெய்ஸ்மித். உள்ளரங்கில் ஆடுவதற்குப் புது விளையாட்டு ஒன்று வேண்டும், 14 நாள் தவணை என்று துறைத் தலைவர் லூதர் குலிக் சொல்லிவிட்டார்.

நண்பர்களே, இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆளை மாற்றினார்கள், சரியாகவில்லை. மறுபடி மாற்றினார்கள், அப்போதும் சரியாகவில்லை. ஏன்? கோளாறு ஆசிரியரிடமும் இல்லை, மாணவரிடமும் இல்லை. சொல்லிக் கொடுத்த விஷயத்தில் உயிர் இல்லை!

நெய்ஸ்மித்தும் முதலில் பழைய ஆட்டங்களையே உள்ளே கொண்டுவந்து பார்த்தார். கால்பந்து போன்றவற்றைச் சுவருக்குள் ஆடினால் அடியும் காயமும்தான் மிச்சம். தவணை முடியப் போகிறது. அப்போதுதான் நாம் ஒர்க் ஷாப்பில் ஒரு பழுதைப் பிரித்துப் பார்ப்பது போல உட்கார்ந்து யோசித்தார். காயம் ஏன் வருகிறது? பந்தோடு ஓடுபவனை மற்றவன் பிடித்துத் தள்ளுவதால். அப்படியென்றால் பந்தோடு ஓடவே கூடாது என்று வைத்துவிட்டால்? தள்ள வேண்டிய அவசியமே இல்லை! அடுத்தது கோல். தரையில் நிற்கும் கோலுக்குப் பந்தை வேகமாக அடிப்பார்கள், அது ஆபத்து. கோலைத் தலைக்கு மேலே, படுக்கைவாட்டில் வைத்துவிட்டால்? வேகம் பலிக்காது, குறிதான் பலிக்கும். சின்ன வயதில் ஊரில் ஆடிய ஆட்டம் ஒன்று இங்கே கைகொடுத்தது. பாறை மேல் ஒரு கல்லை வைத்து, தூரத்தில் நின்று வேறொரு கல்லால் அதை வீழ்த்த வேண்டும். நேராக எறிபவனைவிட, வளைவாக மேலே தூக்கிப் போடுபவனுக்கே அதில் சாதகம்.

பள்ளியைப் பராமரித்த ஊழியரிடம் இரண்டு சதுரப் பெட்டி கேட்டார். அவர் தேடிப் பார்த்துவிட்டு பீச் பழம் போடும் இரண்டு கூடைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜிம்னாசியத்தின் மாடத்தில் அவற்றை அடித்து மாட்டினார்கள். அந்த மாடத்தின் உயரம் 10 அடி. இன்றைக்கும் உலகம் முழுக்கக் கூடையின் உயரம் 10 அடிதான்! கணக்குப் போட்டு வைத்த உயரம் அல்ல, அந்தக் கட்டிடத்தில் அமைந்த உயரம்.

13 விதிகளை டைப் செய்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். 1891 டிசம்பர் 21ஆம் நாள், பக்கத்துக்கு 9 பேராக, கால்பந்து ஒன்றை வைத்துக்கொண்டு ஆட்டம் தொடங்கியது. மொத்த ஆட்டத்திலும் விழுந்தது ஒரே ஒரு கோல். ஆனால் அந்த அடங்காத வகுப்பு அன்றோடு அடங்கிவிட்டது! சில வருடங்களுக்குள் ஒய்.எம்.சி.ஏ. கிளைகள் வழியாக ஆட்டம் பல நாடுகளுக்கும் பரவியது. இந்த விளையாட்டுக்கு நெய்ஸ்மித் காப்புரிமை எதுவும் எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் ஆடட்டும் என்று விட்டுவிட்டார்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்.

கான்சாஸில் ஒன்பது சீசன்

1895இல் நெய்ஸ்மித் டென்வர் நகரத்துக்குப் போனார். ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்துக்கொண்டே மருத்துவம் படித்து 1898இல் டாக்டர் ஆனார். அதே ஆண்டு லாரன்ஸ் நகரில் உள்ள கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. அவருடைய உண்மையான வேலை, மாணவர்களின் வழிபாட்டை நடத்துவதும் உடற்பயிற்சி சொல்லித் தருவதும்தான். கூடைப்பந்து டீமைப் பார்த்துக்கொண்டது அதோடு சேர்ந்த வேலை.

1899 பிப்ரவரி 3ஆம் நாள் முதல் ஆட்டம். எதிரணி கான்சாஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. விளையாட்டைக் கண்டுபிடித்தவரே கோச்! அப்புறம் என்ன, ஜெயிக்க வேண்டியதுதானே? 5-க்கு 16 என்று தோற்றார்கள். அந்த முதல் சீசன் மொத்தத்தில் பரவாயில்லை, 7 வெற்றி, 4 தோல்வி. அதற்கு அடுத்து வரிசையாக ஆறு சீசன் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். 1905-06இல் மட்டும் 12 வெற்றி, 7 தோல்வி என்று நிமிர்ந்தார்கள். மறு சீசன் மறுபடி 7-க்கு 8. 1907இல் நெய்ஸ்மித் கோச் பொறுப்பை விட்டார்.

ஆறு சீசன் தொடர்ந்து சறுக்கல்! இன்றைய ரசிகர்கள் அன்று இருந்திருந்தால் விட்டு வைத்திருப்பார்களா? மூன்றாவது சீசனிலேயே மூட்டை கட்டச் சொல்லியிருப்பார்கள்.

ஏன் தோற்றார்? உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கூடைப்பந்தை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, ஆடி ஆடியே பழகிக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. ஜெயிப்பதற்குத் திட்டம் வகுப்பதில் அவருக்கு அவ்வளவு நாட்டம் கிடையாது. மாணவர்களின் உடம்பு உறுதியாகிறதா, நேர்மையாக ஆடுகிறார்களா என்பதில்தான் அவர் கண். பல ஆட்டங்களுக்கு அவரே நடுவராகவும் நின்றிருக்கிறார்.

குருவைப் பொய்யாக்கிய சீடன்

அவரிடம் ஆடிய மாணவர் ஃபாரஸ்ட் ஆலன். பக்கத்தில் உள்ள பேக்கர் பல்கலைக்கழகம் கோச் வேலைக்குக் கூப்பிட்டபோது, கூடைப்பந்துக்குக் கோச்சே தேவையில்லை என்று நெய்ஸ்மித் அவரிடமும் சொன்னாராம். ஆலன் கேட்கவில்லை. எப்படி நிற்பது, எப்படித் தடுப்பது, எப்படிப் பந்தைக் கடத்துவது என்று ஒவ்வொன்றையும் பாடமாகவே ஆக்கினார். 1907இல் நெய்ஸ்மித்துக்கு அடுத்துக் கான்சாஸ் கோச் ஆனவரும் அவரே. இடையில் வேறு இடங்களுக்குப் போய்விட்டு 1919இல் திரும்பி வந்து, 1956 வரை இருந்தார். கான்சாஸில் மட்டும் 590 வெற்றி! 1952இல் தேசியச் சாம்பியன் பட்டமும் வாங்கித் தந்தார்.

ஆக, இந்த விஷயத்தில் குரு சொன்னது தப்பு, சீடன் செய்ததுதான் சரி. ஆனால் அந்தச் சீடன் உருவானது எங்கே? தோற்றுக்கொண்டிருந்த டீமில்தான்!

அதே 1952 டீமில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் டீன் ஸ்மித். 1961இல் அவர் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கோச் ஆனார். தொடக்கத்தில் சரியாக அமையவில்லை. 1965 ஜனவரியில் வெளியூரில் ஒரு மேட்ச் தோற்றுவிட்டு டீம் பஸ்ஸில் திரும்பி வருகிறது. கல்லூரி வாசலில் கோச்சின் கொடும்பாவி தூக்கில் தொங்குகிறது! கட்டித் தொங்கவிட்டவர்கள் சொந்த மாணவர்களேதான். பஸ்ஸிலிருந்து இறங்கி அதைப் பிய்த்து எறிந்தவர் அவருடைய பிளேயர் பில்லி கன்னிங்ஹாம். நல்ல வேளையாக நிர்வாகம் ஸ்மித்தை அனுப்பிவிடவில்லை. 1997இல் அவர் ஓய்வு பெற்றபோது கணக்கு 879 வெற்றி, இரண்டு தேசியப் பட்டம். அன்று கூச்சல் போட்டவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால்?

ஆட இடமில்லாதவனுக்கு ஆசிரியர்

கோச் பொறுப்பை விட்ட பிறகும் நெய்ஸ்மித் கான்சாஸில் பேராசிரியராகத் தொடர்ந்தார். 1933இல் ஜான் மெக்லென்டன் என்னும் கறுப்பின மாணவர் உடற்கல்வி படிக்க வந்தார். கறுப்பர்களுக்கு டீமில் இடமில்லாத காலம் அது. எவ்வளவு திறமை இருந்தாலும் பல்கலைக்கழகத்துக்காக ஆட முடியாது. அவரைத் தம் மாணவராக ஏற்று, கோச் ஆவதற்கு வழிகாட்டியவர் எழுபது வயதைத் தாண்டிய நெய்ஸ்மித். பிற்காலத்தில் மெக்லென்டன் டென்னசி மாநிலக் கல்லூரி டீமை 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சிறு கல்லூரிகளுக்கான தேசியச் சாம்பியன் ஆக்கினார்.

வழி சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல் படிக்க வருபவனுக்கு, இன்னதைப் படி, இப்படிப் போ என்று சொல்லும் ஒரு ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் என்பதால் எனக்கு அது தெரியும். அந்த உதவி எந்த ஸ்கோர் போர்டிலும் ஏறாது.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கப் போட்டி ஆனது. நெய்ஸ்மித்தின் பயணச் செலவுக்கு அமெரிக்கக் கோச்சுகளும் ரசிகர்களும் காசு காசாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் முன்நின்றவர் ஆலன். மழையில் சேறாகிப் போன திறந்தவெளி மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், நெய்ஸ்மித் குடியேறிய அமெரிக்கா அவர் பிறந்த கனடாவை 19-க்கு 8 என்று வென்றது. பதக்கம் வழங்கியவர் நெய்ஸ்மித்! 1937இல் ஓய்வு பெற்று, 1939 நவம்பர் 28ஆம் நாள் லாரன்ஸ் நகரில் தமது 78ஆம் வயதில் மறைந்தார்.

இன்று கான்சாஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அரங்கத்துக்கு ஆலன் பெயர். உள்ளே ஆடும் தளத்துக்கு நெய்ஸ்மித் பெயர். கட்டிடம் சீடனுக்கு, தரை குருவுக்கு!

நண்பர்களே, ஜெயிக்க ஆசைப்படுவது தப்பே இல்லை. தோற்றால் கோபம் வரத்தான் செய்யும், வரணும். ஒரு கோச் உழைக்கவில்லை என்றால் கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்கும்போது ஸ்கோரை மட்டும் கேட்காதீர்கள். இவர் கையில் யார் வளர்கிறார்கள், பெஞ்சில் இருப்பவனுக்கு என்ன சொல்லித் தருகிறார், இடம் கிடைக்காதவனுக்கு என்ன செய்கிறார் என்பதையும் கேளுங்கள். 55-60 என்ற கணக்கை மட்டும் பார்த்தால் நெய்ஸ்மித் ஒரு தோற்ற கோச். அந்தக் கணக்குக்குள் ஆலனும் இல்லை, மெக்லென்டனும் இல்லை. நாம் பந்து போடும் அந்தக் கூடையும்கூட இல்லை!