சமஷ்டி அரசியலின் சிற்பி மாடிஸன்

மத்திய சர்க்காருக்கு எவ்வளவு அதிகாரம், அங்க ராஜ்யங்களுக்கு எவ்வளவு என்று வாதிடுவோர் ஜேம்ஸ் மாடிஸனின் சரித்திரத்தை அறியாமலிருப்பது, மூல தஸ்தாவேஜைப் பாராமல் வழக்காடுவதையொக்கும். 1751-இல் விர்ஜீனியாவில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்த இவர் குள்ளமானவர்; தேக திடமில்லாதவர்; சபையிலே இவர் குரல் பின்வரிசைக்கு எட்டுவதே அரிது.

அமெரிக்காவின் பதின்மூன்று ராஜ்யங்களும் 1781-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த கூட்டு பெயரளவில்தான் கூட்டு. அதன் காங்கிரஸுக்கு வரி விதிக்கும் உரிமையில்லை. ராஜ்யங்களிடம் பணம் கேட்கலாம், அவை கொடாவிடில் வாளாவிருக்க வேண்டியதுதான். இறக்குமதிச் சரக்குகளின்மீது சிறு தீர்வை விதிக்கச் சம்மதம் கோரியபோது, மிகச் சிறிய ராஜ்யமாகிய ரோட் ஐலண்டு 1782-இல் மறுத்தது. அத்துடன் யோசனை வீழ்ந்தது. அக்காங்கிரஸில் அங்கத்தினராயிருந்து இந்த அவலத்தை நேரில் கண்டவர் மாடிஸன். பண்டைக் கிரேக்கக் கூட்டரசுகள் முதல் ஹாலந்து வரையில் சமஷ்டிகள் நலிந்த காரணங்களைப் புஸ்தகங்களைத் திரட்டி ஆராய்ந்தார்.

1787-இல் பிலடெல்பியா மகாநாட்டுக்கு இவர் சென்றபொழுது வயது 36. ராஜ்யங்களின் சட்டங்களை ரத்துசெய்யும் அதிகாரம் தேசிய காங்கிரஸுக்கு வேண்டுமென்றார், மகாநாடு ஏற்கவில்லை. ஸெனட்டில் சிறிய ராஜ்யத்துக்கும் பெரிய ராஜ்யத்துக்கும் சம ஸ்தானம் கூடாதென்றார், அதிலும் தோற்றார். தோற்றவர் கோபித்துக்கொண்டு வீடு திரும்பவில்லை. ஹாமில்டன், ஜே இருவரோடும் சேர்ந்து, புதிய அரசியலை ஆதரித்து நியூயார்க் பத்திரிகைகளில் எழுதலானார். கட்டுரைகள் மொத்தம் 85. (பத்திரிகைத் தொழிலை ஏளனஞ் செய்வோர் இதைக் கவனிப்பார்களாக.) 1788-இல் விர்ஜீனியா மகாநாட்டில் பாட்ரிக் ஹென்றியின் சண்டமாருதப் பிரசங்கங்களை எதிர்த்து நின்று, 89-க்கு 79 என்ற வோட்டுகளால் அரசியலுக்கு அங்கீகாரம் கிடைக்கச் செய்தவர்களுள் முதன்மையானவர் இவரே.

எதிரிகளின் அச்சத்தையும் அவர் அலட்சியஞ் செய்யவில்லை. அவர் முயற்சியால் 1791-இல் நிறைவேறிய பத்துத் திருத்தங்களுள் கடைசியானது, மத்திய சர்க்காருக்குக் கொடுக்கப்படாத அதிகாரங்கள் ராஜ்யங்களுக்கோ ஜனங்களுக்கோ உரியவை என்கிறது. இந்தியாவின் 1950-ஆம் வருஷத்து அரசியல் சட்டமோ எஞ்சிய அதிகாரங்களை மத்திய சர்க்காரிடமே விட்டிருப்பது நேயர்கள் அறிந்ததே.

1791-இல் தேசிய பாங்கியை அரசியலுக்கு விரோதமென்று எதிர்த்தார். 1798-இல், சர்க்காரைக் கண்டித்தெழுதுவோரைச் சிறையிலிடும் சட்டம் வந்தபோது, அதை ஆட்சேபித்து விர்ஜீனியா சட்டசபை செய்த தீர்மானத்தை மறைவாக இருந்து எழுதிக் கொடுத்தார். ஜனாதிபதியானபின் 1816-இல் புதிய பாங்கி மசோதாவில் கையொப்பமிட்டார். மறுவருஷமே சாலைகளும் கால்வாய்களும் அமைக்கும் மசோதாவை அதிகாரமில்லையென்று நிராகரித்தார். சஞ்சல சித்தர் என்று பலர் தூற்றினர். நாம் அவ்வாறு கருதவில்லை. எந்தத் தட்டு தாழ்ந்ததோ, அதற்கு எதிர்த்தட்டில் தம் கையை வைத்தவர் அவர்.

1832-இல் தென் கரோலினா, தேசத் தீர்வைச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாதென்று அறிவித்து, அவருடைய 1798 தீர்மானத்தையே ஆதாரங் காட்டிற்று. வயது 81, வாதநோயால் விரல்கள் முடங்கியிருந்தன. கூட்டில் இருந்துகொண்டே தேசச் சட்டத்தைத் தனியொரு ராஜ்யம் ரத்துசெய்ய முடியாதென்று கடிதங்கடிதமாக மறுப்பெழுதினார்.

ராஜ்ய உரிமையென்ற கோஷத்தின் பின்னே தென்னாட்டில் ஒளிந்திருந்தது அடிமை முறை. அதை அநீதியென்று உணர்ந்திருந்தும், 1836-இல் இறந்த மாடிஸன் தம் மரண சாஸனத்திலும் தம்முடைய அடிமைகளை விடுவிக்கவில்லை. அவர்களை விடுவிக்க நான்கு வருஷ உள்நாட்டு யுத்தமும் 1865-ஆம் வருஷத்துத் திருத்தமும் தேவையாயின.