செந்நிறப் படிகத்தின் புதிர்

கொடிய இரத்தசோகை ஒரு காலத்தில் பல உயிர்களைப் பறித்தது. நாள்தோறும் ஈரலை உண்ட நோயாளிகள் நலமடைவதை 1926ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் கண்டறிந்தனர். நோயைத் தீர்த்த பொருள் 1948ஆம் ஆண்டில் செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே பி12 உயிர்ச்சத்து. அதன் அமைப்போ புதிராகவே இருந்தது. அப்புதிரை விடுவித்தவர் டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார்.

இவர் 1910ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் எகிப்தின் கெய்ரோ நகரில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். இங்கிலாந்தில் இவர் பயின்ற பள்ளியில் ஆண் மாணவர்களே வேதியியல் கற்றனர். டோரதியும் மற்றொரு மாணவியும் சிறப்பு அனுமதி பெற்று அவ்வகுப்பில் சேர்ந்தனர். பின்னர், அவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றார்.

படிகத்தின்மீது ஊடுகதிர்களைச் செலுத்தினால் அவை சிதறிப் படச்சுருளில் புள்ளிகளாகப் பதியும். அப்புள்ளிகளைக் கணக்கிட்டு அணுக்களின் இடத்தை அறியலாம். இத்துறையையே டோரதி தேர்ந்தெடுத்தார். ஆனால், 24ஆம் வயதில் முடக்குவாதம் அவரைத் தாக்கியது. கைவிரல்கள் வீங்கி வலித்தன. நுண்ணிய படிகங்களைக் கையாள வேண்டிய அவருக்கு அது பெருஞ்சோதனை. எனினும், அவர் ஆய்வைக் கைவிடவில்லை. 1945ஆம் ஆண்டில் பெனிசிலினின் அமைப்பைக் கண்டறிந்தார்.

பி12 அதைவிடக் கடினமானது. அதன் ஒரு மூலக்கூற்றில் 181 அணுக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று கோபால்ட் என்னும் உலோக அணு. எடைமிக்க அவ்வணு ஊடுகதிர்களை வலுவாகச் சிதறடித்ததால், மற்ற அணுக்களைத் தேட வழிகாட்டியானது. டோரதியின் குழுவினர் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் உழைத்தனர். கணக்கீடுகளுக்கு அமெரிக்காவிலிருந்த கணினியும் உதவியது. 1956ஆம் ஆண்டில் முழு அமைப்பும் வெளியிடப்பட்டது. கோபால்டைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள் இணைந்திருந்தன. கீழே மற்றொரு நைட்ரஜனும் மேலே சயனைடும் பிணைந்திருந்தன. நான்கு நைட்ரஜன்களைத் தாங்கிய வளையம், வேதியியலார் அதுவரை அறியாத ஒன்று. உடலில் செயல்படும் பி12 வடிவம் ஒன்றில், கோபால்ட் நேரடியாகக் கரிம அணுவோடு பிணைந்துள்ளதையும் 1961ஆம் ஆண்டில் அவர் குழு கண்டறிந்தது.

1964ஆம் ஆண்டில் டோரதி வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அதன்பின்னும் அவர் ஓயவில்லை. 30 ஆண்டுகளுக்கும் மேலாக மனத்தில் சுமந்த இன்சுலினின் அமைப்பை 1969ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1972ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் பி12ஐ ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி முடித்ததற்கும் அவர் வெளிப்படுத்திய அமைப்பே அடிப்படை. வலியோடு வாழ்ந்தும் பொறுமை இழக்காத அவர், 1994ஆம் ஆண்டில் மறைந்தார்.